விருந்தாளியின் கேலிப் பாட்டு



சில வருடங்களுக்கு முன் பெரிய மனிதர் ஒருவரின் வீட்டுக்கு இராப்போசனத்துக்குப் போனேன். "சும்மா வாருங்கோ மாஸ்டர், நாங்கள் நாலு பேர்தான்" என்று சொல்லியிருந்தார். போனால் நாற்பது பேர், பட்டும் கோட்டுமாக. சோறு வருமுன்னரே, "மாஸ்டர் இப்போது கவிதை சொல்லுவார்" என்ற அறிவிப்பு வந்தது. சொன்னேன். வேறென்ன செய்வது?

ஆங்கில நாடகாசிரியர் நோயல் கவார்டுக்கும் இது நேர்ந்தது. பணக்காரருக்கு விருந்து நடத்துவதில் பேர்போனவர் எல்சா மக்ஸ்வெல் என்ற அமெரிக்க மாது. தென் பிரான்ஸில் ஒரு கடற்கரை விருந்துக்கு, இருக்கிற கோலத்திலேயே வரலாமென்று கவார்டையும் நகைச்சுவை நடிகை பியற்றிஸ் லில்லியையும் அவர் அழைத்தார். அங்கே மற்றவர்களெல்லாம் முழு அலங்காரத்தில் நின்றார்கள். வந்த கலைஞர்கள் பாடி மகிழ்விக்க வேண்டுமென்ற எதிர்பார்ப்பு வேறு! அதிலிருந்து பிறந்ததே 'மார்வலஸ் பார்ட்டி' என்ற பாட்டு. 1939 ஜனவரியில் நியூயோர்க்கில், 'செட் டு மியூசிக்' நிகழ்ச்சியில் லில்லி அதைப் பாடினார்.

பாட்டிலே திட்டு என்பது மருந்துக்கும் இல்லை. விருந்துக்குப் போய் வந்த ஒருத்தி, அங்கே நடந்த கூத்துகளை வியந்து வியந்து அடுக்குகிறாள். குடித்துத் தடுமாறியவர்களையும் பாட்டை நிறுத்தத் தெரியாதவளையும் சொல்லிவிட்டு, எல்லாம் அருமை என்கிறாள். நமது வஞ்சப்புகழ்ச்சியேதான். ஆனால் அதியமான் தூதாகப் போய்த் தொண்டைமானின் படைக்கலங்களைப் புகழ்ந்த ஒளவை வெளியே நின்று பேசியவர். இவளோ உள்ளே இருப்பவள்; தான் கேலி செய்கிறோம் என்பது அவளுக்குத் தெரியுமா என்பதே நமக்குப் பிடிபடாது. பாடிய லில்லியும் பிரபு குடும்பத்தில் மணமுடித்த 'லேடி பீல்' அல்லவா?

கவார்ட் அப்படியல்லர். பியானோ விற்பனையாளரின் மகன். தாயார் வாடகைக்கு அறை விட்டுக் குடும்பம் நடத்தியவர். சிறுவயது முதல் மேடையில் உழைத்தே அவர் அந்த மண்டபங்களுக்குள் நுழைந்தார். கலைஞனை எதற்காக அழைக்கிறார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

கேலிக்கு ஆளானவர்களே கைதட்டும் அங்கதத்துக்குப் பல் ஏது என்று நண்பரொருவர் என்னிடம் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இலவசமாகத் தங்களை மகிழ்விக்கச் சொன்னவர்களையே கவார்ட் வேடிக்கைப் பொருளாக்கி, அதற்கு நுழைவுச்சீட்டும் விற்றுவிட்டாரே!

எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அன்று நான் பாரதியைச் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். இன்னொன்று சொல்லச் சொன்னார்கள். சோறு பதினொரு மணிக்குத்தான் வந்தது.