துன்பத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை



கடவுள் அன்பே வடிவானவர் என்றால், அவரையே நம்பி வாழ்பவர்களை ஏன் இப்படித் துன்பப்பட விடுகிறார்? சைவம், வைணவம், கிறித்தவம், இசுலாம் ஆகிய நான்கு மரபுகளின் தமிழ் நூல்களைக் கற்றவர்களும் இந்தக் கேள்விக்காக ஒரே அவையில் கூடியிருக்கிறோம். விடைகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. முன்வினை என்கிறோம், சோதனை என்கிறோம், திருவுளம் என்கிறோம். அந்த விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு எடைபோடுவதே இதுவரை நம் ஆய்வாக இருந்துவந்திருக்கிறது. அந்த விடையை யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எந்த நேரத்தில் சொல்கிறார் என்பவற்றையும் இந்த முறை சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்தத் தலைமை உரையை எடுத்துக்கொள்கிறேன்.

பெரியபுராணத்திலிருந்து தொடங்குகிறேன். திருநாவுக்கரசரின் சூலைநோய் நாம் அனைவரும் அறிந்தது. பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தருமசேனராக இருந்தவரை வயிற்றுவலி வாட்டியது. திருவதிகையில் இருந்த தமக்கையிடம் வந்தார், திருநீறு பெற்றார், வீரட்டானத்து இறைவனைப் பாடினார், நோய் நீங்கியது. நீங்கிய பிறகு, தன்னை ஆட்கொண்ட அந்தச் சூலைக்கு என்ன கைம்மாறு செய்வது என்று அவர் நெகிழ்ந்ததாகச் சேக்கிழார் பாடுகிறார். துன்பமே அருள் என்னும் கொள்கைக்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை என்று நம் உரையாசிரியர்கள் இதையே திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் வலி இருக்கும்போது அவர் பாடிய முதல் பதிகத்தைப் படித்துப் பாருங்கள். அங்கே நன்றி இல்லை. தாங்க முடியவில்லை என்ற கதறலும், ஏன் எனக்கு என்ற கேள்வியும்தான் இருக்கின்றன. கைம்மாறு பற்றிய பேச்சு வலி தீர்ந்தபின் வந்தது. அதைச் சொன்னவரும் அந்த வலியைப் பட்டவரே. இந்த இரண்டையும் மறந்துவிட்டுக் கொள்கையை மட்டும் பிரித்தெடுத்தால், நாம் எடுப்பது உயிர் போன பொருள்.

அந்தத் தமக்கை திலகவதியாரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். அவருக்கு நம் ஆய்வுலகம் பட்ட கடன் பெரிது. தந்தை புகழனார் இறந்தார். தாய் மாதினியார் அவரோடு போனார். தனக்கென்று மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார் என்ற செய்தி அடுத்து வந்தது. உயிரை விடத் துணிந்தவரை, பின்னாளில் திருநாவுக்கரசரான தம்பி மருணீக்கியார் காலில் விழுந்து தடுத்தார். தம்பிக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பியும் ஒருநாள் விட்டுப் பிரிந்து வேறு சமயம் புகுந்தார். அக்கா திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மலர் கொய்து, மாலை கட்டி வாழ்ந்தார். அவர் இறைவனிடம் வேண்டியதும் தம்பிக்காகத்தான். தம்பியைச் சூலை தந்து ஆட்கொள்வோம் என்று இறைவன் அவர் கனவில்தான் சொன்னார். தம்பியின் நோய்க்கு ஒரு காரணம் அவருக்குச் சொல்லப்பட்டது. அவருடைய சொந்த இழப்புகளுக்கு? சேக்கிழார் எந்தக் காரணமும் தரவில்லை. பிழை செய்தவருக்கு விளக்கம் கிடைக்கிறது. பிழையே செய்யாதவருக்கு ஒரு சொல்லும் இல்லை. அறுபத்துமூவர் வரிசையிலும் அவர் பெயர் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் எழுதிய அந்தப் பெரும்புலவர், எல்லாத் துன்பத்துக்கும் வினைக்கணக்கு எழுதக் கூடிய சமயத்தைச் சேர்ந்தவர். எழுதியிருக்கலாம். எழுதாமல் விட்டார். அதை அவருடைய அறிவின் குறையாக நான் கருதவில்லை, அறநுட்பமாகவே கருதுகிறேன்.

வைணவத்திலும் இதற்கு இணை உண்டு. குலசேகராழ்வார் வித்துவக்கோட்டு அம்மானைப் பாடும்போது, தன்னை அறுத்த மருத்துவரையே நாடி நிற்கும் நோயாளியோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறார். இறைவன் தரும் துன்பம் மருத்துவம் போன்றது என்று இதிலிருந்து ஒரு பொதுவிதி செய்துவிட்டோம். ஆழ்வார் அந்தப் பாடலில் தன்னைப் பற்றிப் பேசுகிறார், அதையும் தன் பெருமானிடம் பேசுகிறார். நோயாளி தானே மருத்துவரைப் பார்த்துச் சொன்னால் அது காதல். அதே சொல்லை அடுத்த கட்டிலில் படுத்திருப்பவரிடம், பார்க்கப் போன நாம் சொன்னால் அது கொடுமை.

முன்வினை என்ற கோட்பாட்டுக்கு நேர்ந்ததும் இதுதான். சைவ சித்தாந்தத்தில் பிராரத்தம் என்பது, தான் நுகர்வதைப் பொறுமையோடு கடந்து மலபரிபாகம் எனும் பக்குவம் பெற விரும்பும் ஆன்மா தன்னை நோக்கிப் பேசிக்கொள்ளும் மொழி. அதைப் பிறரை நோக்கித் திருப்பிவிட்டோம். தொழுநோயாளியைப் பார்த்தும், பார்வையற்ற குழந்தையைப் பார்த்தும், சேரியில் தள்ளப்பட்ட மக்களைப் பார்த்தும் போன பிறவிப் பாவம் என்றோம். இந்தச் சொல்லால் எத்தனை தலைமுறை குனிந்து நடந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. சமயத்தைக் காக்கச் சொன்ன விளக்கம் மனிதரைக் கைவிட்டது.

கிறித்தவ மரபில் யோபுவின் கதை இதைக் கூர்மையாகக் காட்டுகிறது. இசுலாமியர் அவரை ஐயூப் நபி என்று பொறுமையின் வடிவமாகப் போற்றுகின்றனர். பிள்ளைகளையும் உடைமைகளையும் உடல்நலத்தையும் இழந்த யோபுவைக் காண மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஏழு நாளோடு முடிந்தது. பிறகு வாய் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று அதிகாரம் அதிகாரமாக விளக்கினார்கள். கடவுளின் பக்கம் நின்று வழக்காடுவதாகவே அவர்கள் நினைத்தார்கள். நூலின் இறுதி அதிகாரத்தில் கடவுள் சினம் கொள்வது அவர்கள்மேல். தன்னைக் கேள்விமேல் கேள்வி கேட்ட யோபுவே சரியாகப் பேசினான் என்கிறார். யோபுவுக்கும் காரணம் சொல்லப்படவில்லை என்பதை இங்கே கட்டுரை வாசிக்கவிருப்பவர்கள் மறக்கக் கூடாது. சூறைக்காற்றிலிருந்து கடவுள் பேசியதில் உலகப் படைப்பின் விரிவு இருக்கிறது, அவர் பட்ட துன்பத்தின் காரணம் இல்லை.

வரலாறும் இதே கேள்வியை எழுப்பியிருக்கிறது. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். லிஸ்பன் நகரத்தார் காலைப் பூசைக்குக் கோயில்களில் கூடியிருந்தபோது நிலம் அதிர்ந்தது; கோயில்கள் அவர்கள்மேலேயே இடிந்து விழுந்தன. ஆயிரம் ஆயிரமாய் மக்கள் மாண்டார்கள். இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் சிறந்தது இதுவே என்ற லைப்னிட்சின் வாதத்தைச் சாடுவதை வோல்டேர் அதன்பின் விடவே இல்லை. நமக்கு அது வெகுதூரத்துச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஆழிப்பேரலை வந்த நாள். வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை செலுத்த வந்தவர்கள் கடற்கரையில் இருந்தார்கள். பேராலயத்துக்குள் நீர் புகவில்லை. வெளியே நின்ற நூற்றுக்கணக்கானோரைக் கடல் கொண்டுபோனது. கோயில் தப்பியதை அற்புதம் என்று பலர் அன்போடு சொன்னார்கள். அவர்களுடைய நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தையைக் கையிலிருந்து பறிகொடுத்த தாய் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு அங்கேதான் நின்றாள்.

லிஸ்பனைப் பற்றி ரூசோ வோல்டேருக்கு எழுதிய கடிதத்தில், ஆறேழு அடுக்கு வீடுகளை அங்கே நெருக்கிக் கட்டியது இயற்கை அல்லவே என்று கேட்டார். அதே கேள்வி நமக்கும் உண்டு. 2004இல் சுமத்ராவில் இந்திய நேரப்படி காலை ஆறரை மணிக்கு நிலம் அதிர்ந்தது. நாகைக் கரையைப் பேரலை தொட ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆனது. அந்த நேரத்தில் ஒரு எச்சரிக்கை கரைக்கு வந்திருந்தால்? நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடவுளிடம் கேட்க வேண்டிய கேள்வியில் எவ்வளவு பங்கு நம்மிடம் கேட்க வேண்டியது என்பதையும் இந்த அரங்கு பேச வேண்டும்.

விளக்கம் கிடைக்காதபோதும் அன்பு நிற்குமா? காரைக்கால் அம்மையார் தம் அற்புதத் திருவந்தாதியின் தொடக்கத்திலேயே, இறைவன் இடரைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி காட்டாவிட்டாலும் தன் நெஞ்சில் அவனிடத்து அன்பு நீங்காது என்கிறார். நியாயம் கேட்டும், நியாயம் கிடைக்காத நிலையிலும் அன்பு செலுத்தும் இந்தக் குரல் நம் பக்தி இலக்கியத்தின் முதல் குரல்களில் ஒன்று. கண்ணிழந்த சுந்தரரும் இறைவனைக் குறை சொல்லிப் பாடிக்கொண்டே கோயில் கோயிலாகப் போனார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மறு கண்ணும் பெற்றார். இவர்கள் யாரும் தங்களுக்காக வாதாட இன்னொருவரை அமர்த்திக்கொள்ளவில்லை.

நாளை பிற்பகல் அமர்வில் புற்றுநோய் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் ஆற்றுப்படுத்தும் பணி செய்வோர் பேசவிருக்கிறார்கள். அவர்கள் நூலாய்வாளர்கள் அல்லர் என்பதால் அந்த அமர்வைச் சிலர் தவிர்க்கக்கூடும். தயவுசெய்து வாருங்கள். நோயாளிகள் தங்கள் வலியைப் பற்றித் தாங்களே என்ன சொல்கிறார்கள், எந்தப் பாடலைப் பாடச் சொல்கிறார்கள், எந்தப் பாடலை நிறுத்தச் சொல்கிறார்கள் என்று அந்தப் பணியாளர்களிடம் கேளுங்கள். நாம் பதிப்பித்தும் உரையெழுதியும் வந்திருக்கும் நூல்கள் அந்தக் கட்டில்களின் அருகே எப்படி வாசிக்கப்படுகின்றன என்பதை அறியாமல் நம் ஆய்வு முழுமை பெறாது. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன். முதல் கட்டுரையாளரை அழைக்கிறேன்.