உயிர்ப் பௌதிகம் பயில விரும்புவோர்க்கு
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



லிங்கராஜபுரத்தில் வாழும் நம் குடும்பங்களில், பிள்ளை பத்தாம் வகுப்புத் தேறியதும் எழும் வினா ஒன்றே: மருத்துவமா, பொறியியலா? மருத்துவம் என்றால் பலர் கணிதத்தைக் கைவிடுகின்றனர். பொறியியல் என்றால் உயிரியலைக் கைவிடுகின்றனர். இவ்விரண்டும் வேண்டப்படும் துறை ஒன்று உண்டு. உயிர்ப்பொருள்களின் அமைப்பையும் இயக்கத்தையும் பௌதிக விதிகளாலும் கணக்காலும் ஆராயும் உயிர்ப் பௌதிகமே அது. பதினாறு வயதில் செய்யும் தேர்வு அந்த வாயிலை அடைத்துவிடக்கூடும் என்பதாலேயே இன்று இதனைப் பேச எடுத்துக்கொண்டேன்.

இத்துறை நமக்கு அயலானதன்று. ஜி. என். இராமச்சந்திரன் திருச்சி தூய வளனார் கல்லூரியில் பௌதிகம் பயின்றவர். 1942இல் நம் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்திற்கு மின்பொறியியல் பயில வந்தார், சர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகத்திற்கு ஈர்த்துக்கொண்டார். பின்னர்ச் சென்னைப் பல்கலைக்கழகத்தில், தோலுக்கும் தசைநாணுக்கும் வலுவூட்டும் கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது என்று 1954இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். புரதச் சங்கிலி எவ்வெவ்வாறு மடங்கக்கூடும் என்று காட்டும் இராமச்சந்திரன் வரைபடம் 1963இல் வெளிவந்தது. 1971இல் பெங்களூருக்கே திரும்பி, மூலக்கூற்று உயிர்ப் பௌதிகப் பிரிவை நிறுவினார்.

சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணனும் 1971இல் பரோடாவில் பெற்றது பௌதிகப் பட்டமே. 1976இல் பௌதிகத்தில் முனைவரான பின்னரே, மீண்டும் மாணவராக அமர்ந்து உயிரியல் பயின்றார். உயிரணுவில் புரதம் ஆக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டமைக்காக 2009இல் வேறிருவருடன் நோபல் பரிசு பெற்றார்.

இதிலிருந்து அறிவது யாது? முதற்பட்டத்தின் பெயரில் ‘உயிர்ப் பௌதிகம்’ என்ற சொல் இருக்கவேண்டும் என்பதில்லை. அடிப்படை உறுதியாக இருத்தல் வேண்டும். ஆகவே, இயன்றவர்கள் பி.யூ.சி.யில் பௌதிகம், இரசாயனம், கணிதம், உயிரியல் நான்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டப் படிப்பில் பௌதிகத்தை முதன்மையாகக் கொண்டு, கணிதத்தையும் இரசாயனத்தையும் உடன் பயிலுங்கள். உயிரியல் வகுப்பில் அமர இடமுண்டா, ஆய்வுக்கூடம் நன்கு நடைபெறுகின்றதா என்று கல்லூரியில் சேருமுன் கேளுங்கள். கணினிக்கு நிரல் எழுதவும் பழகுங்கள். இந்திய அறிவியற் கழகம் 2011இல் தொடங்கிய நான்காண்டுப் பட்டப் படிப்பில், தொடக்கத்தில் எல்லாரும் பல அறிவியல்களையும் பயின்ற பின்னரே முதன்மைப் பாடத்தைத் தெரிகின்றனர். சிறப்புப் பயிற்சியை முதுகலையிலோ ஆராய்ச்சியிலோ பெறலாம்.

பெற்றோர்க்கு ஒரு சொல். பட்டம் பெற்றதும் ஊதியம் வந்துவிடாது. இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து ஐந்தாண்டுச் செலவைக் குடும்பம் தாங்கவேண்டியிருக்கும். அதன் பின் தகுதித் தேர்வில் வென்று ஆராய்ச்சியில் சேர்வோர்க்கு அரசு உதவித்தொகை உண்டு; 2023இல் அது மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்தது. இக்கணக்கைப் பிள்ளையிடம் மறைக்காமல், இருவரும் ஒன்றாக அமர்ந்து போடுங்கள். கடன் வாங்கும் நிலை வந்தால் அதனையும் முன்னரே பேசி முடிவு செய்யுங்கள்.

இராமச்சந்திரன் பணியாற்றிய கழகம் நாம் வாழும் இந்நகரிலேயே இருக்கின்றது. நம் பிள்ளைகளும் அங்கே நுழையும் நாள் வரட்டும். அதுவரை, கணிதத்தையும் உயிரியலையும் பிரிக்காமல் காப்பது நம் கடன்.