இருவருக்கு ஒரு வண்டி
(ஆண்டின் பொதுக்காலம் 14ஆம் ஞாயிறு, முதல் ஆண்டு: வானொலி மறையுரை)



எண்ணிக்கை நூலை நம்மில் பலர் முழுதாக வாசிப்பதில்லை. பெயர்ப் பட்டியலும் தலைக்கணக்கும் வந்தவுடன் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் அதன் ஏழாம் அதிகாரத்தில், கொங்கு நாட்டு விவசாயி எவரும் நின்று படிக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. பாலைநிலத்தில் மோசே திருஉறைவிடத்தை எழுப்பி முடித்ததும் இஸ்ரயேலின் பன்னிரு குலத் தலைவர்கள் காணிக்கை கொண்டுவருகிறார்கள். ஆறு கூண்டு வண்டிகள், பன்னிரண்டு மாடுகள். இரண்டு தலைவர்களுக்கு ஒரு வண்டி. ஆளுக்கு ஒரு மாடு.

அவர்கள் ஏழைகள் அல்லர். அதே அதிகாரத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக வெள்ளித் தட்டும் பொன் கிண்ணமும் கொண்டுவருவதைப் பார்க்கிறோம். ஆளுக்கு ஒரு வண்டியே கொடுத்திருக்கலாம். ஆனாலும் வண்டி மட்டும் இருவருக்கு ஒன்று. ஒருவருடைய மாட்டை மட்டும் பூட்டினால் அது நகராது. கூடாரத்தின் திரைகளைச் சுமந்த கேர்சோன் வழிவந்தோருக்கு இரண்டு வண்டிகளும், சட்டங்களையும் தூண்களையும் சுமந்த மெராரி வழிவந்தோருக்கு நான்கு வண்டிகளும் போயின. ஆண்டவரின் இல்லமே அன்று இப்படி இரண்டு இரண்டு பேர் சேர்ந்து கொடுத்த வண்டிகளில்தான் பாலைநிலத்தைக் கடந்தது.

இன்றைய நற்செய்தியிலோ இயேசு நுகத்தைப் பற்றிப் பேசுகிறார் (மத்தேயு 11:25-30). சுமையால் சோர்ந்தவர்களை அழைக்கிறார், இளைப்பாறுதல் தருவதாகச் சொல்கிறார், கூடவே தம் நுகத்தை ஏற்றுக்கொள்ளவும் சொல்கிறார். களைத்த மாட்டை நுகத்திலிருந்து அவிழ்த்துத்தானே விடுவார்கள்? இன்னொரு நுகத்தையா கழுத்தில் வைப்பார்கள்? மாடு பூட்டிப் பழகியவர்களுக்கு இதன் விடை தெரியும். மாட்டை வருத்துவது பாரத்தைவிடப் பொருந்தாத நுகம்தான். நுகத்தடியில் ஒரு சிராய் துருத்தியிருந்தால் போதும், காங்கயம் காளையே ஆனாலும் கழுத்து புண்ணாகிவிடும். ஆண்டவர் தம் நுகத்தைச் சொல்லும்போது நற்செய்தியில் வரும் கிரேக்கச் சொல் ‘கிரெஸ்டோஸ்’. இனியது, நல்லது, பயன்படுத்த உகந்தது என்றெல்லாம் அதற்குப் பொருள் உண்டு. பாலஸ்தீன மண்ணில் பிறந்து 2ஆம் நூற்றாண்டில் மறைச்சாட்சியாக உயிர்விட்ட புனித யுஸ்தீன், இயேசு தச்சுவேலை செய்த நாள்களில் ஏர்களும் நுகங்களும் செய்தார் என்று எழுதி வைத்திருக்கிறார். நுகம் செதுக்கிய கையுடையவர் பேசிய பேச்சு இது. அவர் செய்த ஒவ்வொரு நுகத்திலும் இரண்டு கழுத்துக்கு இடம் இருந்திருக்கும்.

மேலைநாடுகளில் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டிகள் உண்டு. ஐம்பது, அறுபது ஆண்டுப் பழைய வண்டியை வாங்கி, துருவைச் சுரண்டி, பலகை மாற்றி, தங்கள் கையாலேயே புதுப்பிப்பதைப் பலர் ஆசையாகச் செய்கிறார்கள். நம் பக்கத்தில் அப்படி ஒரு பயண வீடு என்றால் அது கூண்டு வண்டிதான். வெள்ளகோவிலுக்கும் காங்கயத்துக்கும் இடையே கண்ணபுரத்தில் சித்திரையில் கூடும் மாட்டுச் சந்தைக்குக் குடும்பத்தோடு வண்டி கட்டி வந்தவர்கள், வண்டிக்குள் குழந்தைகளைத் தூங்கவைத்து, வண்டியடியில் அடுப்பு மூட்டிச் சமைத்து நாள்கணக்கில் தங்கியிருக்கிறார்கள். இன்று அந்த வண்டிகளில் பல நெடுஞ்சாலை உணவகங்களின் வாசலில் வார்னிஷ் பூசிக்கொண்டு நிற்கின்றன. சக்கரம் தனியாகக் கழன்று வந்து கண்ணாடி போட்ட மேசையாகிறது. அதில் குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் அச்சில் மை இல்லாத சக்கரத்தைப் பார்த்தால் நமக்கு ஏனோ மனம் ஒப்புவதில்லை.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மூலனூர் போகும் பக்கத்தில் ஒரு குடும்பம். பெயர் சொல்ல வேண்டாம், நடந்ததைச் சொல்லலாம் என்று அனுமதி தந்திருக்கிறார்கள். அண்ணன், தம்பி இருவர். பாகம் பிரித்தபோது நிலம் பிரிந்தது, கொறங்காடு பிரிந்தது, கிணறு மட்டும் பொதுவில் நின்றது. முறைத் தண்ணீரில் வந்த பேச்சு வளர்ந்து, தம்பி தன் பங்கு நிலத்தில் ஆழ்குழாய்க் கிணறு போட்டுக்கொண்டு அந்தக் கிணற்றடிப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டார். பதினோரு ஆண்டுகள். ஒரே ஆலயத்தில் ஒரே திருப்பலி. ஆளுக்கு ஒரு பக்கத்து வரிசை. அப்பாருடைய கூண்டு வண்டி தம்பியின் பங்குக்கு வந்து, கட்டுத்தரையின் ஓரத்தில் கிழுவை வேலியோடு சாய்ந்து கிடந்தது. அந்த வண்டியில்தான் அப்பாரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, காங்கயம், திருப்பூர் வழியாக மூன்று நாள் பயணமாகக் கருமத்தம்பட்டி செபமாலை அன்னையின் அக்டோபர் திருவிழாவுக்குப் போவாராம்.

தம்பியின் மகன் பாலிடெக்னிக் மாணவன். விடுமுறையில் அந்த வண்டியை எடுத்தான். எல்லாவற்றையும் தானே செய்துவிடலாம் என்ற நம்பிக்கை அவனுக்கு. பாதிக்கு மேல் செய்தும் விட்டான், பாராட்டத்தான் வேண்டும். சுத்தியலால் தட்டித் தட்டி, கணீர் என்ற மரம் எது, பொத்தென்ற மரம் எது என்று பிரித்தான். அடிச்சட்டத்தில் ஒன்றைக் கரையான் தின்றிருந்தது. சக்கரத்தைப் பிரிக்கும் முன் பன்னிரண்டு ஆரக்கால்களுக்கும் ஆறு வட்டைகளுக்கும் சுண்ணாம்புக் கட்டியால் எண் போட்டான். ஒரு குடத்தில் இந்தத் துளைக்குச் செதுக்கிய ஆரக்கால் அடுத்த துளையில் சேராது. மூன்று ஆரக்கால்கள் உளுத்திருந்தன. அவற்றுக்கு நாட்டுக் கருவேலம் தேடி அலைந்தான். சீமைக்கருவேலம் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிற்கிறது. நேரான நாட்டுக் கருவேலங்கட்டை கிடைப்பதுதான் அரிது. கிடைத்த கட்டையும் பச்சை. பச்சை மரத்தைச் செதுக்கி மாட்டினால் உலர உலரச் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். ஆகவே நிழலில் அடுக்கி வைத்து மாதக்கணக்கில் காத்திருந்தான். இதற்கிடையில் மூங்கில் தப்பைகளை நீரில் ஊறவைத்து வளைத்துக் கூண்டைக் கட்டி, மேலே ஓலைப்பாய் வேய்ந்தான். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி மையும் தயாராயிற்று.

கடைசியில் இரும்புப் பட்டையில் வந்து நின்றது வேலை. பட்டையின் சுற்றளவு சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். வறட்டியை வட்டமாக அடுக்கி மூட்டிய தீயில் பட்டையைக் காய்ச்சுவார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் பட்டை நன்றாகச் சிவந்தால் சுற்றளவில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் விரியும். விரிந்த அந்த நேரத்தில் நாலைந்து பேர் குறடுகளால் ஒன்றாகத் தூக்கி, ஒன்றாக நடந்து, சக்கரத்தின்மேல் ஒன்றாக இறக்க வேண்டும். மரம் புகையத் தொடங்கும். உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும். இரும்பு குளிர்ந்து இறுகும்போது வட்டைகளும் ஆரக்கால்களும் குடத்தை நோக்கி நெருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒருவர் அரை அடி பிந்தினால் பட்டை கோணலாக விழுந்து மாட்டிக்கொள்ளும். அப்புறம் எல்லாம் முதலிலிருந்து. இது தனி ஆள் வேலையே அல்ல. அந்த ஊரில் பட்டை போட்ட அனுபவம் உள்ளவர் ஒருவர்தான் மிஞ்சியிருந்தார். அது பையனின் பெரியப்பா.

பையன் போய்க் கேட்டான்: “பெரியப்பா, பட்டை போடோணுங்க.” அவர் மாட்டுக்குத் தட்டு வெட்டிக்கொண்டிருந்தாராம். நிமிராமலேயே சொன்னார்: “உங்கப்பன் வந்து கூப்பிடட்டும்.”

இரண்டு நாள் வீட்டில் யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை.

அந்த இரண்டு நாளை நாம் இலேசாக நினைத்துவிடக் கூடாது. கூப்பிடப் போவது என்றால் யார் சொன்ன தண்ணீர்க் கணக்கு சரி என்ற கேள்வியை வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டும். தன் கணக்கு சரி என்று தம்பி இன்றும் நம்புகிறார், அண்ணனும் அப்படியே. இப்படிப்பட்ட இடத்தில் பகைவர் இருவரும் ஒரு வண்டிக்காகச் சேர முடியுமா என்று கேட்பவர்களுக்குத் திருஅவை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கிலிருந்து துரத்தப்பட்ட இலட்சக்கணக்கான ஜெர்மானியர்கள் கோவிலும் குருவும் இன்றித் தவித்தார்கள். 1947 கிறிஸ்து பிறப்பு விழாவின்போது, பெல்ஜியத்தின் தோங்கெர்லோ மடத்தைச் சேர்ந்த வெரன்ஃபிரீட் வான் ஸ்ட்ராட்டன் என்னும் இளம் குரு அவர்களுக்காகத் தம் மக்களிடம் எழுத்து வழியாகக் கையேந்தினார். ஜெர்மானியப் படை அடக்கியாண்ட நாட்டு மக்களிடம், அதே ஜெர்மானியருக்காக! விவசாயிகள் உப்புக்கண்டமிட்ட பன்றியிறைச்சியை அள்ளிக் கொடுத்தார்கள். அவருக்கு அதுவே பட்டப்பெயரும் ஆனது. 1950களில் பெரிய வண்டிகளை நடமாடும் ஆலயங்களாக மாற்றி அவர் ஊர் ஊராக அனுப்பினார். அவை 35. பக்கவாட்டைத் திறந்தால் பலிபீடம்; உள்ளே உணவும் உடையும். பழைய பகைக் கணக்கு முழுதாகத் தீரும்வரை காத்திருந்தால் அவற்றில் ஒரு வண்டியும் புறப்பட்டிருக்காது.

மூன்றாம் நாள் மாலை தம்பி அண்ணன் வீட்டுக்குப் போனார். திண்ணையில் உட்காரவில்லை. நின்றபடியே, “பட்டை போட நாலு கை வேணுங்கண்ணா” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லையாம். அண்ணியார் மோர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுநாள் விடியுமுன் வேலை தொடங்கியது. ஆனிக் காற்று எழுந்துவிட்டால் தீ ஒரு பக்கமாகச் சாய்ந்து பட்டை சீராகக் காயாது என்பதால் இருட்டிலேயே மூட்டச் சொன்னவர் அண்ணன்தான். பட்டையின் நிறத்தைப் பார்த்துக்கொண்டே நின்றவர், “இப்ப” என்றார். அண்ணன் ஒரு பக்கம், தம்பி எதிர்ப்பக்கம், பையனும் அக்கம்பக்கத்து இருவரும் நடுவில். இறக்கினார்கள். புகை கண்ணை மறைத்தது. பெண்கள் குடத்தோடு ஓடிவந்து ஊற்றினார்கள். சக்கரம் இறுகும்போது படபடவென்று எழும் சத்தத்தைக் கேட்டுப் பையன் மரம் உடைகிறது என்று பதறிவிட்டான். “அது சேர்ர சத்தம்டா” என்றாராம் பெரியப்பா. சேர்வதும் உடைவதும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கும்போலிருக்கிறது, குடும்பங்களிலும் அப்படித்தான்.

நேயர்களே, கிணற்றுக் கணக்கு இன்னும் தீரவில்லை. அன்று அதைப் பற்றி யாரும் பேசவும் இல்லை. வண்டி தம்பியுடையது, பூட்டுவதற்கு ஒரு சோடி காளை இருப்பது அண்ணனிடம். அவற்றின் கழுத்துக்கு ஏற்ப நுகத்தடியை இழைத்துக் கொடுக்கும் வேலையையும் அவரே எடுத்துக்கொண்டிருக்கிறார். அக்டோபரில் கருமத்தம்பட்டிக்கு அவ்வளவு தூரம் போக முடியாது, சாலையில் அத்தனை லாரி. பங்கு ஆலயம் வரையிலாவது ஓட்டிவர வேண்டும் என்பது பையனின் ஆசை.

இந்த வறண்ட சீமையில் மரச் சக்கரத்துக்கு ஒரு தொல்லை உண்டு. கோடையில் கட்டை உலர்ந்து சுருங்கும், பட்டை தளரும். அப்போது சக்கரத்தைக் கழற்றித் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். ஐந்தடிச் சக்கரம் முங்கும் அளவுக்குத் தொட்டி அந்தப் பொதுக் கிணற்றடியில்தான் இருக்கிறது. “சித்திரையில இங்க கொண்டாந்து போட்டுருடா” என்று அண்ணன் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்.