பெரு நாட்டின் நெடிய அலை
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யான் தென்னமெரிக்காவிலுள்ள பெரு நாட்டிற்குச் சென்று மீண்ட வரலாற்றை இங்கே எடுத்துரைக்குமாறு காரியதரிசியவர்கள் பணித்தார்கள். என் தம்பி மகன் அலைச்சறுக்கு என்னும் விளையாட்டிற் பெரும் பித்துக் கொண்டவன். ஒரு பலகையின்மீது நின்று அலையின் முகத்தில் வழுக்கிச் செல்வதற்காகப் பாதி உலகத்தைக் கடந்து போவது வீண் செலவென்று யான் பலமுறை கடிந்திருக்கின்றேன். "பெரியப்பா, ஒருமுறை வந்து பார்த்துவிட்டு அப்புறம் வையுங்கள்" என்றான். வைவதற்காகவே உடன் சென்றேன் என்று கொள்ளுங்கள்.

துருகில்லோ என்னும் நகரத்திற்கு வடக்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டர் தூரத்தில் மலாப்ரிகோ என்றொரு சிறு துறை உண்டு. அலைச்சறுக்குவோர் அதனைச் சிகாமா என்பர். மலாப்ரிகோ என்பதற்கு அந்நாட்டு மொழியில் 'ஒதுங்குதற்காகாத இடம்' என்று பொருள். பெயரிட்டவன் கப்பலோட்டியாகவே இருக்க வேண்டும். நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே எட்டுப் பாகைக்குள் இருப்பதால் நம் ஊரை ஒத்த வெப்பமும் தென்னஞ்சோலையும் இருக்கும் என்றெண்ணிச் சென்ற யான் ஏமாந்தேன். தெற்கினின்று வரும் அம்போல்ட் நீரோட்டம் கடலைக் குளிர்வித்து மழையையும் தடுத்துவிடுகின்றது. கரையெங்கும் பாலைவனம், காலையில் மூடுபனி. உள்நாட்டில் ஆறு பாயும் இடத்தில் மட்டும் கரும்புத் தோட்டங்கள் பச்சையாகத் தோன்றுகின்றன. காசா கிராண்டே என்னும் பெரும்பண்ணையின் சர்க்கரையை ஏற்றுவதற்கென்றே அங்கு நீண்ட கடற்பாலம் கட்டினார்கள். 1969-ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தத்தில் அப்பண்ணை தனியார் கையினின்று நீங்கிற்று. இக்காலத்தில் நெத்திலி இனத்து மீனை அரைத்து மாவாக்கும் ஆலைகளே ஊர்க்குப் பிழைப்பு. அந்நாற்றத்தைப் பற்றி மீன் தின்னும் நம்மவரும் புகழ்ந்து பேச மாட்டார்கள்.

1965-ஆம் ஆண்டு பெரு நாட்டில் நடந்த உலகப் போட்டிக்கு வந்திருந்த ஹவாய்த் தீவினர் ஒருவர், ஊர் திரும்புங்கால் ஆகாய விமானத்தின் சாளரத்தினின்று இவ்வலையைக் கண்டார் என்பது அங்கு யாவரும் சொல்லும் செய்தி. இதன் நெடுமைக்குக் காரணம் யாதெனில், தென்கடலில் எழும் புயல்களாற் பிறந்த அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடிவந்து, அங்குள்ள முனையைச் சுற்றி வளைந்து, சாய்வான விரிகுடாவிற் சரிகின்றது. ஏனைய கரைகளில் அலை முழுவதும் ஒரேயடியாக உடைந்து நுரையாகும். இங்கோ முனைப்பக்கத்தில் உடையத் தொடங்கி, சேலையின் கரையைப் பிரிப்பதுபோல் வடக்கு நோக்கிச் சிறிது சிறிதாக உடைந்துகொண்டே செல்கின்றது. பகுதிகள் யாவும் ஒன்றுகூடும் நாளில் இரண்டு கிலோமீட்டருக்கு மேலும் ஓடும் என்பர்.

நாங்கள் சென்ற இரண்டாம் நாள் முனையில் நின்று தம்பி மகனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அலையொன்றைப் பற்றி எழுந்தான், கடிகாரத்தைப் பார்த்தேன், ஒரு நிமிஷம் கழிந்தும் அவன் நின்றுகொண்டிருந்தான். பின்னர் மூடுபனி அவனை மறைத்துவிட்டது. அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. அங்கு நீரோட்டம் வலியது என்று முன்னமே கேட்டிருந்தேன். தம்பிக்கு என்ன விடை சொல்வேன் என்று மனம் பதைத்தது. ஈற்றில் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெறுங்காலுடன் மணல்வழியே நடந்து வந்தான். கடற்பாலத்தருகே இறங்கினானாம்! அழுவதா அடிப்பதா என்று தெரியாமல், "தலையைத் துவட்டு" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் வழியில் ஹுவான்சாகோ என்னும் மீனவர் ஊரில் இரண்டு நாள் தங்கினோம். அங்குள்ளோர் தோத்தோரா என்னும் கோரையைக் கட்டித் தோணி செய்து, அதன்மீது முழந்தாளிட்டு மீன் பிடித்து, அலையேறிக் கரை சேர்கின்றனர். பழைய மோச்சே மக்களின் மட்பாண்டங்களிலும் இத்தோணியின் வடிவத்தைக் காணலாம். கரையில் நிமிர்த்தி உலர்த்தியிருந்த வரிசையைப் பார்த்ததும், அவிழ்த்து உலர்த்திய எங்கள் கட்டுமரங்கள் நினைவிற்கு வந்தன.

ஆனால் அவ்வூர்க்குத் தெற்கே சலவெர்ரித் துறைமுகத்திற் கட்டிய கல்லணை வடக்கு நோக்கிச் செல்லும் மணலைத் தடுத்துவிட்டமையால் ஹுவான்சாகோக் கரை அரிக்கப்படுகின்றது. கோரை விளையும் குழிகளும் கடலுக்கு இரையாகின்றன. கோரை போனால் தோணியும் போகும். இத்தகைய கேட்டைத் தடுக்கவே அந்நாட்டார் 2000-ஆம் ஆண்டில் அலைகளைக் காக்கும் சட்டமொன்று இயற்றி, 2013-இல் அதற்கு விதிகள் வகுத்தார்கள். கடற்படையார் வைத்திருக்கும் பதிவேட்டில் ஏறிய அலையைக் கெடுக்கும்படி அங்கே அணையோ பாலமோ கட்டலாகாது. சிகாமாவும் அதில் ஏறியுள்ளது. அலைக்குப் பட்டா! இதனைத் தம்பி மகன் சொன்னபோது யான் சிரித்தேன். பின்பு சிரிப்பு அடங்கிற்று.

எங்கள் குப்பத்திற்குத் தெற்கே ஒரு கல்லணை எழுந்தபின் என் தாயார் மீன் உலர்த்திய மணல் பத்தாண்டிற்குள் கரைந்தது. வீடு இருந்த இடத்தில் இன்று இடுப்பளவு நீர். அந்நாளில் மனுவெழுதப் போனவர்களுள் யானும் ஒருவன். எந்த ஏட்டைக் காட்டிக் கேட்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பெருவியச் சட்டத்தைத் தமிழிற் பெயர்த்துத் தருவதாகத் தம்பி மகன் ஒப்பியிருக்கின்றான். வந்ததும் சங்கத்து வாசகசாலையில் வைக்கின்றேன்.