நெய்தலிலிருந்து நெய்தலுக்கு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கோடை விடுமுறையைக் கடற்கரை ஊரில் கழித்து மாநகரம் திரும்புவோர் எழுதும் கவிதைகள் நம் வட்டத்தில் ஆண்டுதோறும் படிக்கப்படுகின்றன. அவற்றுள் பலவற்றில் ‘நகரம்’ என்னும் சொல் எழுத்து இடம் மாறி ‘நரகம்’ ஆகிவிடுகிறது. அச்சொல்விளையாட்டைக் குறித்துச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

அண்மையில் ஆறு நாள்கள் தரங்கம்பாடியில் தங்கியிருந்தேன். ‘தரங்கம்’ என்றால் அலை. ‘பாடி’ என்றால் ஊர். ஆயினும் அங்கே தங்குவோர் செவிக்கு அலை பாடுவதாகவே பொருள்படும். சென்னை திரும்பிய முதல் வாரம் கடினமாகவே இருந்தது. நள்ளிரவு தாண்டியும் ஓயாத ஊர்திகளின் இரைச்சல், விடியுமுன் தண்ணீர் லாரிக்கான காத்திருப்பு, பேருந்துப் படியில் ஒரு கால் வைக்க நடக்கும் போராட்டம், முதல் பாடவேளையின் மணி, எல்லாம் உடலுக்குப் புதியவைபோல் தோன்றின. வகுப்பில் நெய்தல் திணையை நடத்துகையில் ‘இரங்கல்’ என்று சொன்ன என் குரலிலும் சற்றே இரக்கம் கூடியிருந்தது.

அவ்வேளையில்தான் ஒரு வினா எழுந்தது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல் யாருடையது? பிரிந்தவனை எண்ணிக் கரையில் நிற்பவளுடையது. அம்மூவனார் முதலிய புலவர்கள் பாடிய கடற்கரை ஓய்விடம் அன்று; மீன் பிடிப்போரும் உப்பு விளைப்போரும் உழைக்கும் களம். தரங்கம்பாடியின் அமைதிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1620இல் டேனியர் அங்கே கோட்டை எழுப்பினர். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விற்றனர். வணிகம் வேறிடம் பெயர்ந்தது, தெருக்கள் அடங்கின. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அங்கே பல உயிர்களைக் கொண்டுசென்றது. விருந்தினராகிய நாம் அமைதி என்று துய்ப்பது, அவ்வூரார்க்கு இழப்பின் மௌனமாகவும் இருக்கலாம். இரவெல்லாம் வலையோடு இருந்தவர்கள் கரையேறும் விடியலில்தான் நாம் அலையோசை கேட்டுக் கண்விழிக்கிறோம்.

இனிச் சென்னையைப் பார்ப்போம். டேனியர் கோட்டைக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின், 1640இல், அதே கடலின் கரையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கினர். ஒரு கோட்டையைச் சுற்றி ஊர் அடங்கிற்று. மற்றொன்றைச் சுற்றி மாநகரம் பெருகிற்று. கடல் ஒன்றே. நெய்தல் ஊர்களைப் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் நம் இலக்கணம் வழங்கும். சிலப்பதிகாரம் காட்டும் புகாரின் ஒரு பகுதிக்குப் பட்டினப்பாக்கம் என்று பெயர். சென்னைக் கடற்கரையிலும் ஒரு பட்டினப்பாக்கம் இருக்கிறது. ஆக, விடுமுறை முடிந்து நாம் நெய்தலை விட்டு வருவதில்லை; நெய்தலிலிருந்து நெய்தலுக்கே வருகிறோம்.

நகரத்து ஒலியையும் முன்னோர் வெறுத்து ஒதுக்கவில்லை, செவிகொடுத்துக் கேட்டனர். மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் மாலையில் கூடும் அல்லங்காடியின் ஆரவாரத்தைப் பலவகைப் பறவைகளின் ஒலியோடு ஒப்பிடுகிறார். இரைச்சலுக்குள் உயிர்களை இனங்கண்ட செவி அது. அலையின் முன் அமர்ந்து நாம் பெற்றுவரும் பேறும் அச்செவியே. அதைத் தரங்கம்பாடியிலேயே விட்டுவந்தால் நகரம் நரகமாகத்தான் தோன்றும். அதைக் கொண்டுவந்தால், தண்ணீர்க் குடங்களின் வரிசையில் எழும் குரல்கள் தனித்தனியே கேட்கும். இரவுப் பணி முடித்துப் பேருந்தில் உறங்கும் பெண்ணின் களைப்பும் கரையேறும் வலைஞரின் களைப்பும் ஒன்றெனத் தெரியும்.

நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு. கதிரவன் சாயும் வேளை. பத்தாண்டுகளாக நம் வட்டம் கூடிவருவதும் அவ்வேளையில்தான். சாலையின் ஓசை சன்னல் வழியே வந்துகொண்டிருக்கும். ஒருவர் படிக்க மற்றவர் கேட்போம். சன்னலைச் சாத்தாமலே கேட்கப் பழகியது இவ்வட்டம். அப்பழக்கம் வளர்க! நகரத்தின் இரங்கலைப் பாடும் கவிதைகள் அடுத்த பத்தாண்டில் இங்கே பிறக்க வேண்டும் என்று விழைகிறேன்.