நிலம் வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை



கையிற் சேர்ந்த பணத்தை நிலத்திற் போடுவது தமிழ்நாட்டுக் குடியானவர்களின் பரம்பரை வழக்கம். நிலத்தைத் திருடன் தூக்கிச் செல்லமாட்டான் என்பது மெய்யே. ஆனால் விற்பவருடைய பாத்தியதையில் குறையிருக்குமாயின், நிலம் நின்ற இடத்திலேயே நிற்க, கொடுத்த பணம் மட்டும் போய்விடும்.

உதாரணமாக, குடியானவர் ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்துடன் சங்கத்திற் கடனும் பெற்று, ஓர் ஏக்கர் நஞ்சை வாங்குவதாக வைத்துக்கொள்க. விற்பவர் பெயரில் பட்டா இருக்கிறது; வில்லங்கச் சான்றிலும் கடன் எதுவும் காணவில்லை. இவ்விரண்டையும் நம்பிப் பணத்தைக் கொடுத்துக் கிரயம் செய்துகொள்கிறார். ஆறு மாதத்திற்குள் விற்றவரின் தங்கை தன் பங்கைக் கேட்டு வியாஜ்யம் தொடுக்கிறாள். அன்று முதல் வக்கீல் செலவு ஒருபுறம், சங்கத்துத் தவணை மறுபுறம் அவரை நெருக்குகின்றன.

இவ்விபத்துக்குக் காரணம் யாது? பட்டா என்பது தீர்வைக் கணக்குக்கு ஏற்பட்டது; அது மட்டும் முழுப் பாத்தியதையை நிலைநாட்டாது. வில்லங்கச் சான்று பதிவான பத்திரங்களை மாத்திரமே காட்டும். குடும்பத்தில் எத்தனை வாரிசுகள், வாய்மொழியாக என்ன பாகம் நடந்தது, பதிவாகாத உயில் உண்டா என்பவற்றை அது சொல்லாது. ஆகையால் விசாரணை மூன்று வகையில் நடைபெற வேண்டும்.

முதலாவது, பத்திர விசாரணை. விற்பவருக்கு நிலம் எவ்வாறு வந்தது என்பதை மூலப் பத்திரங்களைக் கொண்டு குறைந்தது முப்பது வருஷத்துக்குத் தொடர்ச்சியாகப் பார்ப்பது நலம். நகல் போதாது, அசலையே கேட்க வேண்டும். அசற் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கும் வழக்கம் உண்டாதலால், அசல் கையிலில்லாதவரிடம் எச்சரிக்கை அவசியம்.

இரண்டாவது, ஆட்களைப் பற்றிய விசாரணை. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்கும் பிறப்புரிமையாகப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துச் சட்டம் அன்று மணமாகாதிருந்த பெண்களுக்கு இவ்வுரிமையை அளித்தது. 2005-ஆம் வருஷத்து மத்திய சட்டத் திருத்தம் மணமான பெண்களுக்கும் அளித்தது. 2005-க்கு முன்னரே தந்தை இறந்திருப்பினும் இவ்வுரிமை உண்டென்று சுப்ரீம் கோர்ட்டு 2020-ல் தீர்ப்பளித்தது. ஆகவே வாரிசுகள் அனைவரும் பத்திரத்திற் கையொப்பமிட வேண்டும். இந்து மைனரின் நிலத்தைத் தாயோ தந்தையோ விற்பதற்கு, 1956-ஆம் வருஷத்துச் சட்டப்படி கோர்ட்டின் முன் அனுமதி தேவை. அனுமதியின்றி விற்றால் அந்த மைனர் பின்னர் அக்கிரயத்தை ரத்துச் செய்விக்கலாம். 'பவர்' பத்திரம் ஒன்றையே கிரயமாகக் கொள்வதும் தவறு. அதனால் சொத்து கைமாறாதென்று சுப்ரீம் கோர்ட்டு 2011-ல் தெளிவாகக் கூறியுள்ளது.

மூன்றாவது, நிலத்தின் விசாரணை. சர்வே நெம்பரும் உட்பிரிவும் புலப்படத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று நில அளவையரைக் கொண்டு அளந்து பார்க்க வேண்டும். வண்டிப் பாதை, வாய்க்கால், கிணற்றுப் பங்கு ஆகியவை பத்திரத்தில் எழுதப்படாவிடில் பின்னர் பக்கத்து நிலத்தாரோடு சச்சரவு வரும். சாகுபடி செய்யும் குத்தகைதாரர் இருந்தால், 1955-ஆம் வருஷத்துப் பாதுகாப்புச் சட்டப்படி நிலம் கைமாறியதை மாத்திரம் காரணமாக்கி அவரை வெளியேற்ற இயலாது.

பஞ்சமி நிலத்தைப் பற்றி விசேஷ கவனம் தேவை. செங்கற்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து, 1892-ல் சென்னை அரசாங்கத்தார் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் வழங்க உத்தரவிட்டனர். அந்நிலங்களை அவ்வகுப்பாரன்றிப் பிறர் வாங்கலாகாதென்பது நிபந்தனை. விலை மலிவென்று பிறர் வாங்கினால், ஏழையின் உரிமையைப் பறித்த குற்றமும், கொடுத்த பணத்தை இழக்கும் அபாயமும் ஒருங்கே சேரும்.

வீட்டு மனை வாங்குவோர், நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் மனைப்பிரிவுக்கு உண்டா என்று முதலிற் பார்க்க வேண்டும். விளம்பரத்திற் கண்ட சாலையும் பூங்காவும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தில் உண்டா என்பதே கேள்வி.

இவை யாவும் சரியென்று கண்ட பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். அதையும் எழுத்து மூலமான உடன்படிக்கையின் பேரில், பாங்கி வழியாகக் கொடுத்தல் உத்தமம். உடன்படிக்கை மாத்திரம் நிலத்தைச் சொந்தமாக்காது. நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் கிரயம் பதிவான பத்திரத்தாலேயே நிறைவேற வேண்டுமென்று 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் விதிக்கிறது. கையொப்பமிட்ட நான்கு மாதத்துக்குள் பத்திரத்தைப் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். பதிவானதும் சுவாதீனத்தைப் பெற்றுப் பட்டாவையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடாமற்போய், கடைசி நாளில் அதிக வட்டிக்குக் கடன் வாங்குவோர் பலர். அச்செலவையும் வக்கீல் கட்டணத்தையும் முன்னதாகவே ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

ஆழமறியாமற் காலை விடாதே என்பது பெரியோர் மொழி. நிலத்தைக் காட்டுகிறவர், "இன்றே முன்பணம் கொடுக்காவிடில் வேறொருவர் கொண்டுபோய்விடுவார்" என்று அவசரப்படுத்துவது சகஜம். அப்படிப் போகும் நிலம் போகட்டும். ஒரு மாதம் விசாரித்ததால் ஒரு நிலம் தவறினும், வேறொரு நிலம் கிடைக்கும். விசாரியாமற் கொடுத்த பணமும் கோர்ட்டில் கழிந்த வருஷங்களும் திரும்பக் கிடைப்பது அரிது.