கருவிக்குள் ஒரு குட்டி மொழி

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் பேசுப்பா, பசங்களுக்கு உபயோகமா இருக்கணும்" என்று சங்கச் செயலாளர் சொல்லிவிட்டார். எனவே நான் தினமும் புழங்கும் ஒரு கருவியைப் பற்றியே சொல்கிறேன். அதன் பெயர் பாண்டாக். ஆவணங்களை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் இலவச மென்பொருள். மார்க்டவுனில் எழுதிக் கொடுத்தால் வேர்ட், லேட்டக் என்று எது வேண்டுமோ கிடைக்கும். 2006இல் இதை வெளியிட்ட ஜான் மக்ஃபார்லேன், பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தத்துவப் பேராசிரியர். ஆம், தத்துவம்தான்!

பாண்டாக் முதலில் ஆவணத்தைத் தலைப்பு, பத்தி, சொல் என்று மரம்போலப் பிரித்துக்கொள்ளும். பிறகு அந்த மரத்திலிருந்து புதிய வடிவத்தை எழுதும். நடுவில் நாம் புகுந்து மரத்தைத் திருத்தலாம். அதற்கு ஃபில்டர் என்று பெயர். தொடக்கத்தில் முழு மரத்தையும் ஜேசானாக மாற்றி, பைதான் போன்ற மொழியில் எழுதிய தனி நிரலுக்கு அனுப்பித் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பைதான் இருந்தாக வேண்டும். 2017இல் வந்த 2.0 பதிப்பில், பிரேசிலில் பிறந்த லுவா மொழியைக் கருவிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். தனியாக எதையும் நிறுவ வேண்டாம். பலன் என்ன தெரியுமா? பாண்டாக்கின் ஆவணத்திலேயே ஒரு கணக்கு இருக்கிறது. ஃபில்டர் இல்லாமல் 1.01 விநாடி. பைதான் ஃபில்டருடன் 1.40. லுவாவுடன் 1.03.

ஆனாலும் ஒரு குறை. மரத்தின் ஒவ்வொரு உறுப்பும் லுவாவின் சாதாரண டேபிளாகத் தரப்பட்டது. அது கதவில்லாத வீடு. யாரும் எதையும் உள்ளே வைக்கலாம். பண்பின் பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். மாற்றம் மட்டும் நடக்காது. தேடித் தேடியே பொழுது போய்விடும்.

2021, 2022 வெளியீடுகளில் இதைச் சீர்செய்தார்கள். உறுப்புகள் மூல மொழியான ஹாஸ்கெலின் மதிப்புகளாகவே இருக்கும். லுவா கேட்கும் பகுதி மட்டும் மாற்றித் தரப்படும். தெரியாத பெயரில் எதையாவது வைத்தால், அங்கேயே பிழை என்று சொல்லிவிடும்.

நல்லதுதானே? ஆனால் கையேட்டில் இல்லாத கொல்லைப்புற வழி ஒன்று இருந்தது. எண்ணைப் போட்டு உறுப்பின் உள்பகுதியை எடுப்பது. அந்த வழி அடைபட்டது. அதை நம்பிய ஸ்கிரிப்டுகள் நின்றுபோகும். நேற்றுவரை மாறிய அறிக்கை இன்று மாறாது. சமர்ப்பிக்கும் நாளில் அது நடந்தால் என்ன கதி, யோசித்துப் பாருங்கள்!

அதற்காகச் சீர்செய்யாமல் விடுவதா? கூடாது என்பதே என் கட்சி. சத்தம் போடுகிற பிழையைத் திருத்திவிடலாம். சத்தமில்லாத பிழை அச்சுவரை போய்விடும்.

மாணவர்களே, இரண்டு விஷயம் சொல்கிறேன். பிறர் கருவியைப் பயன்படுத்தும்போது கையேட்டில் உள்ளதை மட்டும் நம்புங்கள். எந்தப் பதிப்புக்குக் கீழே ஓடாது என்பதை ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே சோதியுங்கள். லுவா ஃபில்டரில் அதற்கு வசதி உண்டு. நாளை நீங்களே கருவி செய்யும்போது, திறந்து வைத்த கதவு வழியாக யாராவது வந்தே தீருவார்கள் என்பதை முதல் நாளே நினைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அடைக்க நேர்ந்தால், மாற்றக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.